நீர்க்கடுப்பும் அதற்குரிய மருந்துகளும்

பங்குனி பிறந்து வைகாசி கழியும் வரையில் திண்டுக்கல் சமவெளியில் வெயிலின் கடுமை எத்தகையது என்பதை இங்குள்ள விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. சிறுமலையும் கொடைக்கானல் மலையும் கண்ணெதிரே நீலமாக நின்றபோதிலும், அவற்றின் குளிர்ச்சி நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களையோ, ஒட்டன்சத்திரத்துக் காய்கறிப் பாத்திகளையோ, வேடசந்தூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களையோ எட்டுவதில்லை. நீர்க்கடுப்பு என்றும், நீர்ச்சுருக்கு என்றும், 'சூடு பிடித்துக்கொண்டது' என்றும் பலவாறாக வழங்கப்படும் உபாதை வீடுதோறும் தலைகாட்டுவது இந்நாட்களிலேதான். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், சொட்டுச் சொட்டாக இறங்குதல், கழித்து முடித்த மறுகணமே மீண்டும் செல்லவேண்டும் என்ற உந்துதல், அடிவயிற்றில் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். உயிரைப் போக்கும் நோயாக எவரும் இதனைக் கருதுவதில்லை. ஆயினும், பட்டவர் அறிவர், இரவு முழுதும் உறங்கவிடாமல் மனிதரைக் கலக்கிவிடும் வேதனை இது.

இதற்கு நம் மக்கள் கைக்கொள்ளும் பரிகாரங்கள் பல. காற்பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவர். நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் இட்டுக் காய்ச்சி விரல் நகத்தில் இடுவர். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பர். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையையும், நெருஞ்சில் முள்ளையும் கஷாயமாக்கிப் பருகுவோரும் உண்டு. இவற்றால் ஆகாதபோது, கடைத்தெருவிலுள்ள மருந்துக் கடைக்குச் சென்று, 'கடுப்புக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி விழுங்குவர். நாம் இக்கட்டுரையில் விளக்கப் புகுவது இந்தக் கடைசிப் பரிகாரத்தைப் பற்றியே. வலியை அடக்கும் மருந்து வேறு, வலிக்குக் காரணமானதை நீக்கும் மருந்து வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் நேரும் கேடு சிறிதன்று.

முதலில், எரிச்சல் எங்ஙனம் உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். இரத்தத்தை வடிகட்டிக் கழிவைப் பிரிப்பவை சிறுநீரகங்கள் இரண்டும். அங்கிருந்து இரு மெல்லிய குழாய்கள் வழியாகச் சிறுநீர் கீழிறங்கி மூத்திரப் பையில் தங்குகிறது. பையில் ஏறக்குறைய அரை லிட்டர் வரையில் கொள்ளும். அங்கிருந்து வெளிவழி ஒன்றே. உச்சிவெயிலில் களையெடுப்பவர் உடலிலிருந்து வியர்வையாகவே மிகுதியான நீர் வெளியேறிவிடுகிறது. அதற்கீடாக அவர் பருகாவிடில், சிறுநீரகம் இருக்கும் நீரைச் சேமிக்க முயன்று, குறைந்த அளவில், அடர்ந்த மஞ்சள் நிறத்தில், உப்பு மிகுந்த சிறுநீரையே பிரித்தனுப்பும். அச்சிறுநீர் பாதையின் உட்சவ்வை உறுத்துவதால் எரிச்சல் தோன்றுகிறது. நாம் 'சூடு' என்பது பெரும்பாலும் இதுவே. நிழலில் அமர்ந்து, தண்ணீரும் நீர்மோரும் இளநீரும் தாராளமாகப் பருகினால், ஒரு பகற்பொழுதிலேயே சிறுநீர் வெளுத்து எரிச்சல் தணிந்துவிடும். விரலில் சுண்ணாம்பு தடவியவர் அன்றைக்குச் சற்றே ஓய்ந்து உட்கார்ந்து, சொம்பு சொம்பாக நீரும் குடிப்பாரானால், புகழ் சுண்ணாம்புக்குப் போய்ச் சேருகிறது! கஷாயத்தின் பெருமையிலும் பாதி, அதனோடு உட்சென்ற நீருக்கே உரியது என்பது நம் அபிப்பிராயம்.

ஒரு நாள் நன்கு நீர் அருந்தியும் கடுப்பு நீங்கவில்லை, சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் மாறியிருக்கிறது, அல்லது இரத்தம் கலந்திருக்கிறது என்றால் அது வெறும் சூடன்று. கிருமிகள் குடியேறிவிட்டன என்று கொள்ளவேண்டும். இவ்வாறு குடியேறுபவற்றுள் மிகப் பெரும்பான்மையானது ஈ-கோலை என்னும் நுண்ணுயிர். 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்ற மருத்துவ அறிஞர் இதனைக் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தார். நம் குடலில் இது தொல்லையின்றி வாழ்வதே. இடம் மாறி மூத்திரப் பையை அடையும்போதுதான் பகையாகிறது. பெண்களின் சிறுநீர்ப் புறவழி சுமார் 4 செண்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கோ சுமார் 20 செண்டிமீட்டர். கிருமி ஏறிச் செல்லவேண்டிய வழி பெண்களுக்கு இவ்வளவு குறுகியதாக அமைந்தமையால், உலகெங்கும் ஏறத்தாழப் பாதிப் பெண்கள் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆகவே இது ஒழுக்கக் குறைவால் வருவது என்று கூசி மறைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

இயற்கை அமைத்த இக்குறையோடு நாமாக அமைத்த குறை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பூப்பறிக்கும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மல்லிகை மொட்டாக இருக்கையிலேயே சந்தை சேரவேண்டும் என்பதால் இருள் பிரியுமுன் தோட்டத்தில் இறங்குகிறாள். தோட்டத்தில் மறைவிடம் இல்லை. நாலுபுறமும் ஆடவர் நடமாட்டம். ஒதுங்க வழியில்லை என்பதால் காலையிலிருந்தே அவள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தாலும் நாவை நனைத்துக்கொள்வதோடு சரி. இயற்கை உந்துதலையும் அடக்கிக்கொள்கிறாள். வீடு திரும்பும்போது வெயில் ஏறிவிடுகிறது. காய்கறிச் சந்தையில் கூடை சுமப்பவள், நூற்பாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவள், கழிப்பறை பூட்டிக் கிடக்கும் பள்ளியில் பயிலும் சிறுமி ஆகிய எல்லோர் கதையும் ஏறக்குறைய இதுவே. நீர் குறைவாகச் சுரப்பதால் பை அலசப்படுவதில்லை. வெளியேற்றாமல் தேக்குவதால் உள்ளே புகுந்த சில கிருமிகள் பல்கிப் பெருக அவகாசம் கிடைக்கிறது. குடிநீரும் கழிப்பிடமும் தொழிலாளருக்கு அளிக்கப்பட வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வலியுறுத்தியது. வயல்வெளிக்கும் பூந்தோட்டத்துக்கும் அத்தகைய ஏற்பாட்டைச் செய்வார் யார்? மாத்திரை வாங்கச் செலவிடும் பணத்தைக் கணக்கிட்டால், தோட்டத்தோரம் நாலு கீற்று மறைப்பு அமைக்கும் செலவு பெரிதாகத் தோன்றாது.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

கடைகளில் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஒரு பாகு மருந்து. 'டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட்' என்பது அதன் சரக்கு. இதனை ஒரு தம்ளர் நீரில் கலந்து பருகவேண்டும். சிறுநீரின் புளிப்புத் தன்மையைக் குறைத்துக் காரத் தன்மையைக் கூட்டுவது இதன் செயல். அதனால் எரிச்சல் சற்று மட்டுப்படும் என்பது கருத்து. கிருமியை இது கொல்வதில்லை. இதில் சோடியம் இருப்பதால், இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியர் சொல்லின்றி அருந்தலாகாது. பொட்டாசியம் சேர்ந்த சிட்ரேட் மருந்தோ சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இன்னும் ஆபத்தானது. வெளியேற வழியின்றி இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சிறுநீர் காரமாகிவிட்டால் நைட்ரோஃபியூரன்டாயின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் வலிமை குறைந்துபோகும். இரண்டையும் ஒருசேர வாங்கி விழுங்குபவர் ஒரு கையால் விதைத்து மறு கையால் களைந்தெறிபவரை ஒப்பர்.

அடுத்தது, 'ஃபெனாசோபிரிடின்' என்னும் மாத்திரை. இதன் பிறப்பு விந்தையானது. துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் 'அசோ' சாயங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சாயத் தொழிலை அறிந்த சின்னாளபட்டி மக்களுக்கு இச்செய்தி வியப்பூட்டலாம். உட்கொண்ட மருந்து சிறுநீரோடு வெளியேறும் வழியில், பாதையின் உட்சவ்வை மரத்துப்போகச் செய்கிறது. சில மணி நேரத்தில் எரிச்சல் தணிகிறது. சிறுநீர் செம்மஞ்சள் நிறமாக மாறும். இதனைக் கண்டு இரத்தம் என்று அஞ்சி அலறியவர்கள் உண்டு. அது சாயத்தின் நிறமே. மருந்தை நிறுத்தினால் நீங்கும். உடையில் பட்ட கறைதான் எளிதில் போகாது! எனினும் சிறுநீரைப் பரிசோதிக்கும் வண்ணப் பட்டையின் முடிவுகளை இந்நிறம் பிறழச் செய்யுமாதலின், பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்த பின்னரே இம்மாத்திரையைத் தொடங்குவது நலம்.

இம்மருந்தைப் பற்றி மிக முக்கியமாக அறியவேண்டியது அதன் கால எல்லை. கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்து உட்கொள்கையில் 2 நாட்களுக்கு மேல் இது வேண்டுவதில்லை. அதற்குள் கிருமிகள் அடங்கத் தொடங்கி எரிச்சல் தானே குறைந்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவர்கள் இதனைத் தொடவே கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாகக்கூடும். கண்ணோ தோலோ மஞ்சளித்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இவ்வளவு எச்சரிக்கைகளுக்குரிய மருந்தை அண்டை வீட்டார் மீதம் வைத்த அட்டையிலிருந்து வாங்கித் தின்பது தகுமா? எரிச்சல் போனதும் நோய் போயிற்று என்று எண்ணி வயலுக்குப் போய்விடுகிறோம். கிருமியோ மூத்திரப் பையிலிருந்து மேல்நோக்கி ஏறிச் சிறுநீரகத்தையே பற்றிக்கொள்கிறது. நாய் குரைப்பது கேட்காமல் காதில் பஞ்சடைத்துக்கொண்டு உறங்கினால் திருடன் திரும்பிப் போய்விடுவானா?

'ஃபிளாவாக்சேட்' என்பது பையின் தசை இறுகிச் சுருங்குவதைத் தளர்த்தும் மருந்து. அடிக்கடி உந்துதல் எடுப்பதை இது குறைக்கும். ஆயின், வயது முதிர்ந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்கும் நிலையில், இவ்வாறு தளர்த்தும் மருந்துகள் சிறுநீர் அறவே அடைபட்டுப் போவதற்குக் காரணமாகலாம். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நீர் பிரியவில்லை என்று துடித்தால், அதற்கு மருந்துக் கடையில் பரிகாரம் இல்லை. அவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

பொதுவான வலிக்கு பாரசிட்டமால் அளவோடு உட்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளைப் பற்றியோ நாம் சற்று விரிவாகவே எச்சரிக்க விரும்புகிறோம். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் இதனை நம் விவசாயிகள் மிட்டாய் போல் பயன்படுத்தி வருகின்றனர். கல்லடைப்பு வலிக்கு மருத்துவர்கள் இதனை ஊசியாகப் போடுவதும், அது நன்கு கேட்பதும் உண்மையே. ஆயினும் வியர்த்து வறண்ட உடலில், தண்ணீர் குடியாமல், நாள்தோறும் இதனை விழுங்கினால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறுகி அவ்வுறுப்பு பழுதடையக்கூடும். இதன் வலிமைக்குச் சான்றாகப் பறவை இனத்துக்கு நேர்ந்ததைக் கூறலாம். 1990களில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்து, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததே காரணம் என 2004இல் அறிஞர் கண்டறிந்தனர். 2006இல் கால்நடைக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் புட்டியின் அளவே 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மனிதரின் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல ஒரே வேளையில் அழிந்துவிடாது என்பது உண்மை. அதனாலேயே அதன் தேய்வு நமக்குத் தெரியாமலும் போகிறது.

கிருமியைக் கொல்லும் மருந்துகளே நோயை நீக்குபவை. நைட்ரோஃபியூரன்டாயின், மூத்திரப் பையளவில் நிற்கும் நோய்க்குப் பொதுவாக 5 நாட்கள், உணவோடு கொடுக்கப்படும். சிறுநீர் பழுப்பாகும், அஞ்சவேண்டாம். ஃபாஸ்ஃபோமைசின் என்பதோ நீரில் கரைத்து ஒரே வேளை அருந்தும் தூள். சிறுநீரகம் பழுதுற்றவர், நிறைமாத கர்ப்பிணி ஆகியோருக்கு முன்னது ஆகாது. சிறுநீரகம் வரையில் ஏறிவிட்ட நோய்க்கு அது போதவும் போதாது. எனவே எவருக்கு எது என்பதை மருத்துவர்தாம் கூறவேண்டும். முன்னாளில் நார்ஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் ஆகியவை இந்நோயை எளிதில் தீர்த்தன. இன்று நம் நாட்டு ஈ-கோலை கிருமிகளுள் பெரும்பகுதி அவற்றுக்கு அசைவதில்லை. காரணம் நாமே. 3 நாள் மருந்தை ஒரு நாளில் நிறுத்துவதும், சளிக்கும் காய்ச்சலுக்கும் தேவையின்றி விழுங்குவதும் கிருமிகளுக்குப் பயிற்சியளித்துவிட்டன. ஒரே பூச்சிமருந்தைக் குறைந்த அளவில் ஆண்டுதோறும் தெளித்துவர, பூச்சி மருந்துக்கு அடங்காமற் போவதைக் கண்ட விவசாயிக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பதன் இவ்வபாயத்தைச் சுட்டிக்காட்டினார்.

மாத்திரை அட்டையின் முதுகில் நெடுக ஒரு சிவப்புக் கோடு கண்டால், அது மருத்துவரின் சீட்டின்றி உண்ணத்தகாதது என்று அறிக. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்ளத்தக்க அடையாளம் இது. 2016இல் மத்திய அரசு இதனைப் பற்றி நாடெங்கும் பிரசாரம் செய்தது. 2014 மார்ச் முதல், வலிமை மிக்க சில கிருமிக்கொல்லிகளை விற்கும் கடைக்காரர், நோயாளியின் பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்துவைக்கவும் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 'பெயர் எதற்கு?' என்று கடைக்காரரோடு சண்டையிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். அவர் செய்வது கடமையே.

நோயைத் திட்டமாக அறியச் சிறுநீரைப் பரிசோதிப்பது அவசியம். முதலில் வருவதைக் கழித்துவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடித்துத் தரவேண்டும். கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கூறும் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். அதற்கு முன்பே கிருமிக்கொல்லியை விழுங்கிவிட்டால் முடிவு பிறழும். அடிக்கடி இந்நோய் வருபவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆண்களுக்கும் இப்பரிசோதனை மிகவும் வேண்டப்படுவது. கர்ப்பிணிகளுக்கோ எரிச்சல் ஏதுமின்றியே கிருமி தங்கியிருக்கக்கூடும். கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கிக் குறைப்பிரசவத்துக்கும் இடமுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர் கேட்கும்போது தட்டிக்கழிக்காமல் கொடுக்கவேண்டியது இதற்காகத்தான்.

குளிரோடு கூடிய காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம், நீர் அறவே பிரியாமை ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கைக்குழந்தைக்குக் காரணம் புலப்படாத காய்ச்சல் வந்தாலும் அங்ஙனமே. வட்டங்களிலுள்ள அரசு மருத்துவமனைகளேயன்றி, 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. இவற்றில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'எங்கள் ஊர்க் கிணற்று நீர் உப்பு; அதனால்தானே கல்லும் கடுப்பும்?' என்று திண்டுக்கல் பக்கத்தார் கேட்பதுண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவினால் நகரைச் சுற்றியுள்ள பல கிணறுகள் உவர்ந்து கெட்டது மறுக்கவொண்ணாத உண்மை. அந்நீரைக் குடிநீராகக் கொள்ளலாகாது. ஆனால் நீரின் கடினத்தன்மை ஒன்றே கல்லை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. போதிய அளவு பருகாமையே கல்லுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. உவர்நீரின் கேடு வேறு வழியாகவும் வருகிறது: வாய்க்குப் பிடிக்காத நீரை எவரும் வேண்டிய மட்டும் பருகுவதில்லை. வெயிலில் உழைப்போரிடையே, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இன்றியே சிறுநீரகம் பழுதுறும் நோய், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் அநுராதபுரப் பகுதியிலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. அதன் காரணம் இன்னும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. வெப்பமும் நீர்க்குறைவும் ஐயத்துக்குரியவற்றுள் முன்நிற்கின்றன.

ஆகையால், நல்ல குடிநீரை ஊருக்குள் கொண்டுவருவதோடு பஞ்சாயத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. அது வேலை நடக்கும் இடத்துக்கும் எட்டவேண்டும். நிழலில் ஒரு பானை, அருகே மறைவான ஒரு கழிப்பிடம், அதற்குக் கதவும் தாழ்ப்பாளும், கைகழுவ நீர். சந்தைப்பேட்டையிலும், பேருந்து நிற்கும் இடத்திலும், பொது வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும் இவை வேண்டும். கட்டிய கழிப்பிடத்தைப் பூட்டித் திறவுகோலை யாரோ ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் வழக்கத்தைக் கிராம சபையிலேயே பெயர் சொல்லிக் கேட்கலாம். இக்கேள்வியைப் பெண் உறுப்பினர்கள் எழுப்பட்டும் என்று ஆடவர் வாளாவிருத்தல் ஆகாது. 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், கூச்சத்தால் பெண்கள் நோயை மறைப்பதைப் போக்கக் கிராமப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்த மாவட்டம் இது.

மருத்துவமனைக்குச் செல்வோர், முன்பு விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளைத் தவறாது உடன் எடுத்துச் செல்க. பெயர் நினைவில்லை, 'சிவப்பு மாத்திரை' என்று மட்டும் கூறினால், மருத்துவருக்கு அது சாயமா, வலிக்கொல்லியா, கிருமிக்கொல்லியா என்று விளங்காது.